80-ஐத் தாண்டினாலே கார் உதறுதா? கரிசல் மண்ணில் தொடங்கி ஆக்ஸில் வரை... காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோவில்பட்டி ஊருக்குள் 40-ல் போகும்போது ஒன்றும் தெரியாது. நான்குவழிச்சாலையில் ஏறி, சாத்தூர் பக்கம் திரும்பி வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் லேசாக நடுங்க ஆரம்பிக்கும். 90-ல் கை மரத்துப்போகிற மாதிரி உதறும். 110-க்குப் போனால் சில வண்டிகளில் குறைந்துவிடும். திரும்ப 90-க்கு வந்தால் மறுபடியும் அதே உதறல்.

"வண்டி அப்படித்தான்" என்று பழகிக்கொள்பவர்கள் ஒரு பக்கம். ஒர்க்‌ஷாப்பில் விட்டு, முதலில் அலைன்மென்ட், அடுத்து ஷாக் அப்சார்பர், அதற்கடுத்து ஆக்ஸில் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் அதே உதறலோடு வீடு திரும்புபவர்கள் இன்னொரு பக்கம். இந்த அதிர்வு சில சமயம் வெறும் மண். சில சமயம் வெடிக்கத் தயாராக இருக்கும் டயர். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? எந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும்? எப்போது வண்டியை உடனே ஓரம்கட்ட வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

கரிசல் மண்ணுக்கும் கார் உதறலுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, மதுரையைத் தாண்டிய பிறகு விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறது. பழைய ஆட்கள் இன்னும் 'என்.எச். 7' என்றுதான் சொல்வார்கள். இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் காடு. எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கடம்பூர், கழுகுமலை என எந்தப் பக்கம் இறங்கினாலும் மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய் விளையும் கறுப்பு மண்தான்.

இந்த மண்ணில் தண்ணீரை உறிஞ்சி உப்பும் களிமண் அதிகம். மழை பெய்தால் ஊறிப் பெருத்து பசையாக ஒட்டும். வெயில் அடித்தால் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். ஈரக் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், மண் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும். காரின் டயருக்கும் அதே கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப்பாதையில் ஒரு தடவை போய்வந்தாலே, சக்கரத்தின் உட்பக்கம், அதாவது ரிம்மின் குழிவான பகுதியில், களி அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாட்டர் சர்வீஸில் வெளிப்பக்கம் பளபளப்பாகிவிடும். உட்பக்கம் அப்படியே இருக்கும். இரண்டு நாள் வெயில் பட்டால் அது செங்கல் மாதிரி இறுகிவிடும்.

மண் சுற்றிலும் சமமாக ஒட்டியிருந்தால் பெரிய பிரச்னை இல்லை. காய்ந்த பிறகு ஒரு பக்கத்து மண் மட்டும் பெயர்ந்து விழும்போதுதான் சக்கரத்தின் எடை ஒருபக்கமாகச் சாய்கிறது. "நேத்து நல்லா இருந்துச்சு, இன்னைக்குத் திடீர்னு உதறுது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

துளி மண்ணுக்கு இவ்வளவு பலமா?

ஒரு சின்ன கணக்கு. 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் ஒரு வினாடிக்கு சுமார் 14 முறை சுற்றும். ரிம்மில் ஓரிடத்தில் வெறும் 20 கிராம் மண் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோவில்பட்டி கடலைமிட்டாயில் ஒரு சின்னத் துண்டின் எடைதான். அந்த வேகத்தில் அந்த 20 கிராம், சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, சுமார் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதுவும் வினாடிக்கு 14 தடவை, மேலும் கீழும், முன்னும் பின்னும் மாறி மாறி. மண் 100 கிராம் இருந்தால் 15 கிலோ.

வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். 50-ல் தெரியாத உதறல் 100-ல் கையை உலுக்குவது அதனால்தான்.

110-க்குப் போனால் சில கார்களில் ஏன் குறைகிறது? ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால்தான் உயரமாகப் போகும். தாளம் தவறித் தள்ளினால் ஆட்டம் குறையும். சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கும் அப்படி ஓர் இயல்பான தாளம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது வினாடிக்கு 10 முதல் 15 வரை. சக்கரம் சுற்றும் வேகம் அந்தத் தாளத்தோடு பொருந்தும் 80–110 பகுதியில் உதறல் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் தாளம் தவறிவிடும். உதறல் குறைந்தது என்பதால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேகத்தைக் கூட்டி உதறலிலிருந்து தப்பிப்பது தீர்வு அல்ல.

முதல் கேள்வி: சாலையா, காரா?

உப்பிச் சுருங்கும் மண்ணின் மேல் போடப்பட்ட சாலைகள் காலப்போக்கில் அலை அலையாக மாறுவது கரிசல் பகுதியில் சாதாரணம். குறிப்பாகக் கிராமச் சாலைகளிலும், பாலங்கள் தொடங்கும், முடியும் இடங்களிலும் வண்டி தூக்கிப் போடும். இது காரின் கோளாறு அல்ல.

பிரித்துப் பார்ப்பது எளிது:

• ஒரே இடத்தில் மட்டும் அதிர்ந்தால் சாலை. எந்த இடத்திலும், குறிப்பிட்ட வேகம் வந்ததும் அதிர்ந்தால் கார்.

• லேன் மாறிப் பாருங்கள். லாரிகள் அதிகம் ஓடும் இடது லேனில் மட்டும் உதறினால் சாலை மேல் சந்தேகப்படலாம்.

• வாய்ப்பிருந்தால் அதே இடத்தில், அதே வேகத்தில் வேறொரு காரில் போய்ப் பாருங்கள்.

எங்கே உணர்கிறீர்கள்?

அதிர்வை எங்கே உணர்கிறோம் என்பதே பாதி விடை.

ஸ்டியரிங்கில்: பெரும்பாலும் முன்சக்கரம். டயர், ரிம், பேலன்ஸ், முன்பக்க இணைப்புகள்.

சீட்டிலும் தரையிலும்: பின்சக்கரமாக இருக்கலாம். பின்சக்கர இயக்க வண்டி என்றால் புரொப்பல்லர் ஷாஃப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும்: பிரேக் டிஸ்க் சீரில்லாமல் தேய்ந்திருக்கலாம். மிதியிலும் துடிப்பு தெரியும்.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும்: ஆக்ஸில் ஜாயின்ட் அல்லது எஞ்சின் மவுன்ட்.

வண்டி நிற்கும்போதே, ஏ.சி. போட்டதும்: டிரைவ்லைனுக்குச் சம்பந்தமில்லை. எஞ்சின் மவுன்ட், அல்லது எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாதது.

டிரைவ்லைன் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்களின் தொகுப்பு. கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஜாயின்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் எல்லாம் இதில் அடக்கம். டயரில் தொடங்கி உள்ளே போகப் போக, சரிசெய்யும் செலவும் ஏறிக்கொண்டே போகும். அதனால் சோதனையும் டயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாலையில் செய்யக்கூடிய 4 சோதனைகள்

இவற்றைச் செய்வதற்கு முன் டயரையும் வீல் நட்டையும் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட வேண்டும். டயரில் வீக்கமோ, நட்டில் தளர்வோ இருந்தால் இந்தச் சோதனை எதுவும் கூடாது. போக்குவரத்து இல்லாத, நேரான, மேடு பள்ளம் இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். காலை நேரம் நல்லது. வேக வரம்பைத் தாண்ட வேண்டாம். ஓட்டுபவர் ஓட்ட மட்டும் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

1. வேகக் குறிப்பு. 60-லிருந்து மெதுவாக ஏற்றுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம், எதில் குறைகிறது என்று மூன்று எண்களை எழுதுங்கள். திரும்ப இறங்கும்போதும் அதே எண்களா என்று பாருங்கள்.

2. கியர் மாற்றம். உதறும் வேகம் 90 என்றால், அதே 90-ல் ஐந்தாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டுங்கள். எஞ்சின் சுற்று மாறும், சக்கரத்தின் சுற்று மாறாது. இரண்டு கியரிலும் ஒரே மாதிரி உதறினால் கோளாறு கியர்பாக்ஸுக்கு அப்பால், அதாவது சக்கரம், ஆக்ஸில், ஷாஃப்ட் பக்கம். கியர் மாற்றியதும் உதறல் மாறினால் எஞ்சின், கிளட்ச் பக்கம்.

3. கால் எடுத்துப் பார்ப்பது. உதறும் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். சட்டென்று அடங்கினால் விசை கடத்தும் பாகங்கள், குறிப்பாக ஆக்ஸிலின் உள்ஜாயின்ட் மேல் சந்தேகம். அப்படியே தொடர்ந்தால் டயர், ரிம். மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை மிதித்தும் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் காலை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்ற வேண்டாம். எந்த வண்டியிலும் ஓடும்போது சாவியை மட்டும் அணைக்கவே கூடாது. ஸ்டியரிங் கனமாகிவிடும், லாக்கும் ஆகலாம். பிரேக்குக்கும் துணை விசை கிடைக்காது.

4. நிறுத்தி முறுக்குவது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். அப்போதும் அதே அதிர்வு வந்தால் சக்கரத்தைக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் மவுன்டைப் பார்க்க வேண்டும்.

இந்த நான்குக்கும் அரை மணி நேரம் போதும். அநாவசியமாக ஒரு ஆக்ஸில் மாற்றுவதைத் தவிர்க்க இந்த அரை மணி நேரமே உதவும்.

டயர், ரிம்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

மண்ணை எடுங்கள். நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த களியைத் தண்ணீரில் ஊறவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள். கூரான இரும்பை விட்டால் பேலன்ஸுக்காக ஒட்டியிருக்கும் எடைக்கட்டி பெயர்ந்துவிடும். பிரேக் டியூப்பிலும் படலாம். சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். உதறல் போயிருந்தால் செலவு ஒரு வாளி தண்ணீர்தான்.

காற்று. ஓட்டி வந்த சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அளவு, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காற்று குறைந்த டயர் சாலையில் அதிகமாக மடங்கி நிமிரும், சூடாகும். கோடையில் கரிசல் காட்டுச் சாலையில் அந்தச் சூடு டயரை உள்ளிருந்தே கெடுக்கும்.

டயரின் உடம்பு. பக்கச் சுவரில் முட்டை மாதிரி வீக்கம் இருக்கிறதா? டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? கையால் தடவும்போது மேடு பள்ளமாக இருக்கிறதா? வீக்கம் இருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை ஒட்டவோ, பின்பக்கம் மாற்றிப்போட்டுச் சமாளிக்கவோ கூடாது, கழற்றிவிட வேண்டும். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது.

டயரின் வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், வெயிலில் நின்றே ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கலாம். வருடத்தில் பாதி நாள் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு இது முக்கியம்.

பஞ்சர் வரலாறு. சீமைக்கருவேல முள் இந்தப் பக்கத்து டயர்களுக்குப் பழைய எதிரி. பஞ்சர் ஒட்ட டயரை ரிம்மிலிருந்து கழற்றியிருந்தால், திரும்ப மாட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்க வேண்டும். பஞ்சர் ஆகாமல் இருக்க டயருக்குள் ஊற்றும் திரவமும் சில வண்டிகளில் உதறலுக்குக் காரணமாகிறது. திரவம் உள்ளே ஓரிடத்தில் தேங்கினால் எடை சாயும்.

வீல் நட்டு. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு உதறல் தொடங்கினால் முதல் சந்தேகம் நட்டு மேல். அடுத்தடுத்த நட்டை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மண் இருந்தாலும் சக்கரம் சாய்வாக உட்காரும். மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். நட்டு தளர்ந்தால் சக்கரமே கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

பேலன்சிங். இதற்குப் பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். 'வீல் அலைன்மென்ட்' வேறு, 'வீல் பேலன்சிங்' வேறு. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். உதறலுக்கு முதலில் கேட்க வேண்டியது பேலன்சிங். நான்கு சக்கரத்துக்கும் செய்யச் சொல்லுங்கள். மிஷினில் போடும் முன் மண்ணை எடுக்கச் சொல்லுங்கள். மண்ணோடு பேலன்ஸ் செய்தால், அடுத்த வாரம் மண் உதிர்ந்ததும் எல்லாம் வீண்.

ரிம் வளைவு. மிஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம்மோ டயரோ தள்ளாடுகிறதா? பள்ளத்தில் விழுந்த ரிம் வளைந்திருக்கலாம். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் கைக்குத் தெரிய ஆரம்பிக்கும். எடைக்கட்டி எத்தனை ஒட்டினாலும் வட்டமில்லாத சக்கரம் வட்டமாகிவிடாது.

வெளியில் வாங்கிய அலாய் வீல். நடு ஓட்டை காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் மையத்தில் உட்காராது. மிஷினில் பேலன்ஸ் சரியாகக் காட்டும், சாலையில் உதறும். நடுவில் பொருத்தும் வளையம் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

முன்சக்கர இயக்கக் கார்: ஆக்ஸில் எப்போது காரணம்?

ஸ்விஃப்ட், டிசையர், ஆல்டோ, ஐ10 போன்ற கார்களில் எஞ்சின் முன்சக்கரத்தைத்தான் சுற்றுகிறது. இவற்றில் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு ஆக்ஸில். ஒவ்வொன்றிலும் உள்பக்கம் ஒரு சி.வி. ஜாயின்ட், வெளிப்பக்கம் ஒன்று. மடங்கிய நிலையிலும் சீரான வேகத்தில் சுற்றுவதுதான் இந்த ஜாயின்ட்டின் வேலை.

வெளிஜாயின்ட் தேய்ந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். உள்ஜாயின்ட் தேய்ந்தால் சத்தம் இருக்காது. வேகம் எடுக்கும்போதும், மேட்டில் ஏறும்போதும் வண்டியின் முன்பகுதி இடம் வலமாக ஆடும். காலை எடுத்ததும் நிற்கும். மூன்றாவது சோதனையில் இது பிடிபடும்.

ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து ரிம்மின் உட்பக்கம் கறுப்பாகப் படிந்திருக்கும். அந்தக் கிழிசல் வழியே தூசி உள்ளே போனால் கிரீஸோடு கலந்து உப்புத்தாள் போல ஜாயின்ட்டைத் தேய்த்துவிடும். பூட்டை மட்டும் உடனே மாற்றினால் ஆக்ஸிலைக் காப்பாற்றலாம்.

பொலிரோ, ஸ்கார்பியோ, ஈகோ வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பொலிரோ, ஸ்கார்பியோ, ஈகோ, ஆம்னி, பழைய இன்னோவா, இன்னோவா கிரிஸ்டா ஆகியவற்றில் எஞ்சின் விசை நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. கிராமத்தில் அதிகம் ஓடும் வண்டிகள் இவைதான்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இந்த ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றும். 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல். அதனால் இதில் வரும் அதிர்வு ஸ்டியரிங் உதறல் மாதிரி பெரிதாக ஆடாது. தரையிலும் சீட்டிலும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரமாக, காது அடைப்பதுபோல இருக்கும்.

பார்க்க வேண்டியவை:

• கிராஸ் ஜாயின்ட். ஷாஃப்டின் முனைகளில் சிலுவை வடிவில் இருக்கும். கியர் போட்டதும் 'டங்' என்று சத்தம் வந்தால் இதில் ஆட்டம் இருக்கலாம். சுற்றிலும் செங்கல் பொடி மாதிரி துரு உதிர்ந்திருந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது.

• சென்டர் பேரிங். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் நடுவில் ரப்பரோடு இருக்கும். ரப்பர் கிழிந்தால் கிளம்பும்போதே உதறும்.

• ஷாஃப்டின் மேல் மண், நசுங்கல். களி அப்பியிருந்தாலும், கல் பட்டு நசுங்கியிருந்தாலும் பேலன்ஸ் போகும். ஷாஃப்டின் மேல் பற்றவைத்த சின்னத் தகடுகள் எடைக்கட்டிகள். அவற்றைத் தட்டி எடுத்துவிடக் கூடாது.

• மாட்டிய திசை. கிராஸ் மாற்ற ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்டால் அடையாளம் வைக்க வேண்டும். பழைய நிலையிலேயே மாட்டாவிட்டால், புது கிராஸ் போட்ட பிறகும் உதறும்.

• கூடுதல் பட்டை. மூட்டை ஏற்றுவதற்காகப் பின்பக்கம் கட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்துவது வழக்கம். கிராஸ் ஜாயின்ட் மடங்கியிருக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனையின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றை ஒன்று சரிக்கட்டும். பின்பக்கத்தை உயர்த்தினால் அந்தச் சமம் கெடும். லோடு ஏற்றினால் உதறல் குறைகிறது, காலியாக ஓட்டினால் கூடுகிறது என்றால் கோணத்தைச் சந்தேகப்படலாம்.

வண்டிக்கு அடியில் பார்க்கும்போது ஜாக்கை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது. சமதரை, சக்கரத்துக்கு அடைக்கல், தாங்குக்கட்டை மூன்றும் வேண்டும். இல்லையென்றால் லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பார்ப்பதே நல்லது.

பேரிங் சத்தம் எப்படி இருக்கும்?

வீல் பேரிங் கெட்டால் விமானம் தூரத்தில் போவது போன்ற இரைச்சல் வரும்; வேகத்தோடு கூடும். நீண்ட வளைவில் வண்டி இடது பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்தின் மேல் விழும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். எதிர்ப்பக்கம் திரும்பினால் இடது. இந்த இரைச்சலோடு சக்கரத்தில் ஆட்டமும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

செல்போன் வைத்தே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு முடியும். எல்லா ஸ்மார்ட்போனிலும் அசைவை அளக்கும் சென்சார் உண்டு. அதிர்வின் எண்ணிக்கையைக் காட்டும் இலவச ஆப்கள் கிடைக்கின்றன. போனை சீட்டுக்கு அடியில் தரையோடு அசையாமல் வைத்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதால் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன டயர் அளவில், 100 கி.மீ. வேகத்தில்:

• வினாடிக்கு 14-ஐ ஒட்டி வந்தால்: டயர், ரிம், பேலன்ஸ்.

• 28-ஐ ஒட்டி வந்தால்: சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கிறது. டயர் முட்டை வடிவமாகியிருக்கலாம்.

• 55 முதல் 60 வந்தால்: பின்சக்கர இயக்க வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட்.

• கியர் மாற்றினால் எண்ணும் மாறினால்: எஞ்சின் பக்கம்.

80 கி.மீ. வேகத்தில் சக்கரத்தின் எண் சுமார் 11. போன் தரும் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கதவைத் தட்டுவது என்று அது சொல்லும், அவ்வளவுதான்.

எப்போது உடனே ஓரம்கட்ட வேண்டும்?

கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் "வீடு போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டக் கூடாது:

• உதறல் சில நிமிடங்களில், சில கிலோமீட்டரில் கூடிக்கொண்டே போவது.

• 20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி நொண்டுவது போல ஏறி இறங்குவது. டயரின் உள் அடுக்கு பிரிந்திருக்கலாம். இது வெடிப்பதற்கு முந்தைய நிலை.

• பக்கச் சுவரில் வீக்கம், அல்லது உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிவது.

• சக்கரம் கழற்றி மாட்டிய அன்றே 'கடகட' சத்தத்தோடு உதறுவது. நட்டு தளர்வு.

• ரப்பர் கருகும் வாடை, ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

இப்படித் தெரிந்தால் பிரேக்கைத் திடீரென்று மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, இன்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வாருங்கள். நான்கு இன்டிகேட்டரையும் எரியவிட்டு, ஆட்களைச் சாலையின் தடுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும்?

"வண்டி உதறுது, பாருங்க அண்ணே" என்று சொன்னால் மெக்கானிக் எங்கிருந்து தொடங்குவார்? அனுபவத்தில் அதிகம் பார்த்த பாகத்திலிருந்துதான். அது உங்கள் வண்டியின் கோளாறாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"82-ல் ஆரம்பிக்குது, 95-ல் அதிகம், 110-ல் குறையுது. ஸ்டியரிங்கில் மட்டும். நாலாவது கியரிலும் அப்படியே. காலை எடுத்தாலும் நிக்கல. போன வாரம் இடது முன்சக்கரம் பஞ்சர் ஒட்டினோம்."

இந்த நான்கைந்து வரியைக் கேட்டாலே நல்ல மெக்கானிக்கின் கை நேராக இடது முன்சக்கரத்துக்குப் போகும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்வதும் பலன் தரும். உதறல் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு மாறினால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்றே தெரியாமல் பில் மட்டும் வரும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு பழக்கம்

காட்டிலிருந்து தார்ச்சாலை ஏறியதும் உடனே வேகம் எடுக்காமல், ஈரம் காய்வதற்கு முன்பே ஒரு வாளி தண்ணீரை நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் அடித்துவிடுங்கள். ஈரக் களி ஐந்து நிமிடத்தில் போகும். காய்ந்த களிக்கு அரை நாள் வேண்டும். வாட்டர் சர்வீஸ் விடும்போதும் "ரிம்முக்கு உள்பக்கமும் அடிங்க" என்று தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் குடும்பத்தோடு நெடுஞ்சாலை ஏறும் முன், ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கமாக...

• உதறலின் வரிசை: மண், காற்று, டயர், நட்டு, பேலன்ஸ், ரிம். அதற்குப் பிறகுதான் ஆக்ஸில், ஷாஃப்ட், மவுன்ட்.

• கியர் மாற்றியும் மாறாத உதறல் சக்கரம், ஆக்ஸில், ஷாஃப்ட் பக்கம். கியரோடு மாறினால் எஞ்சின் பக்கம்.

• காலை எடுத்ததும் நின்றால் ஆக்ஸில் உள்ஜாயின்ட் மேல் சந்தேகம்.

• அலைன்மென்ட் உதறலுக்கான முதல் மருந்து அல்ல.

• கூடிக்கொண்டே போகும் உதறலோடு ஒரு கிலோமீட்டர் கூட ஓட்ட வேண்டாம்.